டென்டும் வேணும், மாமிக்கு கட்டிலும் வேணும்

கேள்வி: அண்ணா, நாங்கள் திருகோணமலை. ஓகஸ்ட் லீவுக்கு மலைநாட்டுப் பக்கம் கேம்பிங் போவம் எண்டு வீட்டில ஒரே கதை. இஞ்ச ஒருத்தரும் இதுக்கு முதல் போனதில்லை. நான், அவர், மகளுக்கு 5 வயசு, மகனுக்கு 14 மாசம், மாமி (68 வயசு, சீனி, முழங்கால் வருத்தம்), கனடாவில இருந்து வாற மச்சாள் குடும்பம் நாலு பேர், பிறகு அவரின்ட தம்பியும் மனுசியும். எல்லாமா 11 பேர். அவருக்கு ஹோர்ட்டன் சமவெளியிலதான் டென்ட் அடிக்கோணுமாம். மச்சாள் "நாங்க ஒவ்வொரு சம்மரும் போறனாங்க, இதெல்லாம் ஒரு விசயமே" எண்டுறா. மாமி நிலத்தில படுக்க ஏலாதெண்டுறா, ஆனா விட்டுட்டுப் போனா முகத்தைத் தூக்கி வச்சிருப்பா. எனக்கு சின்னவனை நினைச்சுத்தான் பயம். மற்றது, 11 பேருக்கும் நான்தான் நிண்டு சமைக்கோணும் போல கிடக்கு. போகலாமா, விடலாமா? மகள் வேற, கரடி வருமா எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கிறாள்.

பதில்: போங்க தங்கச்சி, தாராளமா போங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் சொல்ற இடத்துக்கு வேணாம். நான் அப்புத்தளை பக்கம் 20 வருஷத்துக்கு மேல ஆளுங்கள கூட்டிக்கிட்டு மலை ஏறி எறங்கி பொழைக்கிறவன், வெள்ளைக்காரங்க, கொழும்பு ஆபிஸ் பொடியனுங்க, ஸ்கவுட் பிள்ளைங்க எல்லாரையும் டென்ட்ல படுக்க வச்சிருக்கேன், இதுல எனக்கு ஆக கஷ்டமான க்ரூப் எதுன்னா குடும்பம்தான். ஏன்னா வெள்ளைக்காரனுக்கு குளிருனா அவன் ஒருத்தன்தான் முழிச்சிருப்பான், குடும்பத்துல ஒரு சின்ன பிள்ளைக்கு குளிருனா 11 பேரும் முழிச்சிருப்பாங்க, அதுல நாலு பேரு சண்டை போட்டுக்கிட்டு முழிச்சிருப்பாங்க.

அதனால முதல் தடவை போற குடும்பத்துக்கு நான் சொல்றது ஒன்னே ஒன்னுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு பிள்ளைய தூக்கிக்கிட்டு, செருப்ப கூட தேடாம ஓடிப்போய் ஒரு கதவ சாத்திக்கிற தூரத்துல டென்ட் இருக்கணும். கதவுக்கு பின்னால கட்டில் இருக்கணும், டொய்லெட் இருக்கணும். இது கேம்பிங்கே இல்லன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லுவாரு, சொல்லட்டும்.

இத நான் படிச்சு தெரிஞ்சிக்கல, பட்டுத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். என் மூத்தவளுக்கு அப்ப நாலு வயசு, ஜனவரி மாசம், நான் என்னமோ பெரிய கைடுன்னு சொல்லி பொண்டாட்டி பிள்ளைய ஹோர்ட்டன் சமவெளிக்கு கூட்டிக்கிட்டு போனேன். நல்ல டென்ட், ஆறு கம்பளி, நூடுல்ஸ், டோர்ச் எல்லாம் இருக்கு. ஒரு மணி போல பொண்டாட்டி என்னை தட்டி எழுப்புறா, பிள்ளை அழல, அதுதான் பயம், சத்தமில்லாம சுருண்டு கெடக்குது, நெஞ்சு பக்கம் தொட்டா சூடு இருக்கு, முதுகுக்கு கீழ கைய விட்டா ஜேர்சி சில்லுன்னு, அப்பதான் பீலித் தண்ணியில அலசி புழிஞ்ச துணி மாதிரி இருக்கு. மேல நாலு கம்பளி போத்தியிருக்கேன், கீழ ஒரு மெல்லிசு பாய் மட்டும்தான். விடியிற வரைக்கும் வேன் சீட்ல பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம். "ஊருக்கெல்லாம் வழி காட்டுற ஆளு" அப்படின்னு மட்டும் சொன்னா, அதுக்கு பொறவு நுவரெலியா வர்ற வரைக்கும் பேசவே இல்ல.

வீட்டுக்கு வந்ததும் எங்கம்மா கேட்டுச்சு, உங்க பாட்டி லயத்து காம்பராவுல உங்கள எப்படிடா படுக்க வச்சான்னு. சீமெந்து தரை. பாட்டி மொதல்ல ரெண்டு உரச்சாக்க விரிக்கும், அதுக்கு மேல காட்போட் பெட்டிய பிரிச்சு போடும், பொறவு பாய், அதுக்கு மேல கம்பளி, இருக்கிற ஒரே கம்பளியையும் கீழதான் விரிக்கும், போத்திக்க சேலைதான். நாங்க சின்னதுல அது ஏழ்மைன்னு நெனச்சோம். காரணம் இப்ப விளங்குது, குளிரு மேல இருந்து வர்றதவிட கீழ இருந்துதான் கூடுதலா வரும், நம்ம படுத்தா நம்ம பாரத்துல கீழ இருக்கிற துணி நசுங்கி அதுக்குள்ள இருந்த காத்து போயிரும், காத்து போனா சூடு நிக்காது, மண்ணு உறிஞ்சிக்கும். அதனால நசுங்காத ஏதாச்சும் கீழ வேணும். பிள்ளைங்க விளையாடுறதுக்கு பசில் மாதிரி பூட்டுற ஃபோம் மெட் ஒன்னு இருக்கே, அத ரெண்டு செட் வாங்கிக்கோங்க, அது போதும். மச்சாள் காத்து அடிக்கிற மெத்தை கொண்டாந்தா வேணாம்னு சொல்லாதீங்க, ஆனா அதுக்கு மேல ஃபோம் மெட்டோ கம்பளியோ கட்டாயம் போடுங்க, வெறும் காத்து மெத்தை குளிருக்கு பாயவிட மோசம்.

இப்ப ஹோர்ட்டன் சமவெளி ஏன் வேணாம்ங்கிறேன்னா, அது கடல் மட்டத்துல இருந்து 2,100 மீட்டருக்கு மேல, நீங்க கடக்கரை ஆளுங்க. 1,000 மீட்டர் ஏறுனா ஆறு, ஆறரை பாகை குறையும்னு பொதுவா கணக்கு, அப்படின்னா உங்க ஊரு சூட்டுல இருந்து ஒரே நாள்ல 13 பாகை கிட்ட இறக்கம், அதுவும் காத்து அடிக்கிறத கணக்குல எடுக்காம. ஓகஸ்ட்ல அங்க காத்து, மூடுபனி, தூறல் எல்லாம் சேந்து அடிக்கும். அது தேசிய வனம் வேற, நெனச்ச இடத்துல டென்ட் அடிக்க முடியாது, வனஜீவராசிகள் திணைக்களத்துல முன்கூட்டியே புக் பண்ணணும், ராத்திரி ஏதாச்சும்னா கேட் தாண்டி இருட்டுல மலை ரோட்டுல எறங்கணும். பிள்ளைங்க பெருசாகட்டும், அப்ப போகலாம்.

அவரு மனசு கஷ்டப்பட்டா பகல்ல ஒரு தடவை போயிட்டு வாங்க. விடியக்காலையிலயே கேட்டுக்கு போயிரணும், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூட்டம் வந்து உலகமுடிவுங்கிற அந்த பெரிய பள்ளத்து விளிம்ப மூடிரும், பொறவு வெள்ளைச் சுவரு முன்னுக்கு நின்னு போட்டோ எடுக்கலாம் அவ்வளவுதான். உலகமுடிவு, பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சி எல்லாம் சுத்தி வர்ற பாதை ஒன்பதரை கிலோமீட்டர் கிட்ட, 5 வயசு பிள்ளை பாதி தூரம் அப்பா தோள்ல தான், அத அவருக்கு இப்பவே சொல்லிருங்க. பள்ளம் 870 மீட்டர் மாதிரி எறங்குது, அங்க பிள்ளை கைய விடாதீங்க. மாமி அன்னைக்கு ரூம்லயே இருக்கட்டும். பொலித்தீன்ல சாப்பாடு கட்டாதீங்க, கேட்ல பைய தெறந்து பாத்து எடுத்துருவாங்க.

சரி, டென்ட் எங்க அடிக்கிறது. ஓகஸ்ட்னு சொல்லிட்டீங்க, அதுலயே பாதி பதில் வந்துருச்சு. மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேல் பருவ மழை, அது மலைக்கு மேக்கு பக்கம் அடிக்கும், ஹட்டன், நோர்வூட், நுவரெலியா எல்லாம் ஈரம். மழை அந்த பக்கமே கொட்டிட்டு, மலைய தாண்டி ஊவா பக்கம் வரும்போது வெறும் காத்தாத்தான் வரும், உங்க ஊர்ல கச்சான்னு சொல்லுவீங்களே அதே காத்து. அதனால ஊவா பக்கம் காய்ஞ்சு கெடக்கும், டென்டுக்கு நல்லது, ஆனா எங்க அப்புத்தளை மாதிரி மலை முதுகுல அடிக்காதீங்க. ஓகஸ்ட்ல அப்புத்தளை டவுன்ல ரோட்ட தாண்டும்போது சாரத்த ஒரு கையால புடிச்சிக்கிட்டுதான் தாண்டணும், டென்ட் எந்த மூலைக்கு. கொஞ்சம் எறங்கி பண்டாரவளை, தியத்தலாவை, வெலிமடை பக்கம் பாருங்க. பண்டாரவளை 1,200 மீட்டர் அளவுதான், ராத்திரி குளிரும், ஆனா ஆள நடுங்க வைக்காது. தோட்டம் உள்ள ஒரு வீடோ பங்களாவோ வாடகைக்கு எடுங்க, ரெண்டு ரூம் போதும், "தோட்டத்துல மூணு டென்ட் அடிக்கலாமா, நெருப்பு போடலாமா" அப்படின்னு போன்லயே கேட்டுருங்க. வீட்டு சுவத்துக்கோ வேலிக்கோ பின்னால காத்து படாத பக்கமா, தட்டையான கொஞ்சம் மேடான இடம். யூக்கலிப்டஸ் மரத்துக்கு கீழ வேணாம், காத்துக்கு கிளை முறிஞ்சு விழும். வெட்டுன மண்மேட்டுக்கு அடியிலயும் வேணாம். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை தோட்டத்துல மலை சரிஞ்சு லயத்த மூடுனத நாங்க மறக்கல. கெளம்புறதுக்கு முந்தின நாள் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை இருக்கான்னு பாத்துக்கோங்க, இருந்தா தேதிய மாத்துங்க, மச்சாளோட டிக்கெட்ட பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

யூடியூப்ல தியலும நீர்வீழ்ச்சிக்கு மேல டென்ட் அடிக்கிற வீடியோ பாத்துட்டு யாராச்சும் ஆரம்பிச்சா அங்கயே முடிச்சிருங்க. 220 மீட்டர் அருவி தலையில, நடக்க பழகுற பிள்ளையோட? வேணவே வேணாம். ஆத்துல குளிக்கிறதும் அப்படித்தான், மேல மழை பெஞ்சா கீழ வெயில் அடிக்கும்போதே தண்ணி வந்துரும், தண்ணி நிறம் மாறுனாலோ சருகு குச்சி மெதந்து வந்தாலோ ஒரு நிமிஷம் நிக்காம கரையேறணும்.

திருகோணமலையில இருந்து விடிய வெளிக்கிட்டாலும் இங்க வந்து சேர பின்னேரம் ஆயிரும், வளைவுல பிள்ளைங்க வாந்தி எடுக்கும், அந்த களைப்போட அன்னைக்கே டென்ட் அடிக்க கூடாது. முதல் ராத்திரி எல்லாரும் ரூம்ல நெருக்கியடிச்சு தூங்குங்க, ரெண்டாவது ராத்திரிதான் டென்ட். அதுக்கும் முந்தி மச்சாள் வந்து எறங்குனதும் உங்க வீட்டு முத்தத்துலயே ஒரு நாள் டென்ட அடிச்சு பாருங்க. சின்னவன் பின்னேரம் அதுக்குள்ள கொஞ்ச நேரம் தூங்கட்டும், அந்த சிப்பு சத்தத்துக்கும் பிளாஸ்டிக் வாசத்துக்கும் பழகிட்டா பாதி அழுகை கொறைஞ்சிரும். டென்ட்ல 4 பேருன்னு போட்டிருந்தா அது ரெண்டு பெரியவங்க ரெண்டு சின்னதுங்கன்னு வச்சிக்கோங்க, பை எல்லாம் வெளிய.

14 மாசத்துக்கு டென்ட் ஒத்துவருமான்னா, பண்டாரவளை உயரத்துல ஒத்துவரும், சளி இழுப்பு உள்ள பிள்ளைன்னா மட்டும் டொக்டர்ட கேட்டுட்டு வாங்க. கனமான கம்பளிய மேல போத்தாதீங்க, இழுத்து மூஞ்சில போட்டுக்கும், அதுக்கு பதிலா மெல்லிசு மெல்லிசா மூணு உடுப்பு போடுங்க, காலுக்கு மேசு. குளிருதான்னு பாக்க கைய தொட்டு பாக்காதீங்க, பிள்ளைங்க கை எப்பவும் சில்லுன்னுதான் இருக்கும், பிடரிக்கு கீழ ரெண்டு விரல விட்டு பாருங்க, சூடா காய்ஞ்சு இருந்தா சரி, வேர்த்திருந்தா ஒரு உடுப்ப கழட்டுங்க. படுக்க முன்னாடி பம்பஸ் மாத்திருங்க, நனைஞ்ச பம்பஸ் ராத்திரி பூரா பிள்ளைய குளிர வைக்கும். அவனுக்கு ஒத்துக்கலன்னா நீங்களும் அவனும் பேசாம ரூமுக்கு போயிருங்க, ஒரு ராத்திரி கூட முழுசா தாக்குபிடிக்கலன்னு யாராச்சும் சிரிச்சா சிரிச்சிட்டு போகட்டும்.

இனி ஒரு விஷயம், இதுல மட்டும் நான் தயவு தாட்சண்யம் பாக்க மாட்டேன். காத்து அடிக்க ஆரம்பிச்சதும் யாராச்சும் ஒருத்தர் "கரி அடுப்ப கொஞ்ச நேரம் டென்டுக்குள்ள வச்சா சூடா இருக்குமே" அப்படிம்பாங்க. சட்டியில தணல் எடுத்து வைக்கிறது, கேஸ் குக்கர உள்ள பத்த வைக்கிறது எதுவுமே கூடாது. கரியில இருந்து வர்ற கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசம் இல்ல, நிறம் இல்ல, தூக்கத்துலயே ஆள கொண்டுபோயிரும், வாசல கொஞ்சம் தெறந்து வச்சிருக்கோம்கிறதெல்லாம் பேச்சே இல்ல. ரூம்லயும் கூடாது. சூடு வேணும்னா போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி இறுக்கி மூடி துணி சுத்தி கால்மாட்டுல வைங்க, பெரியவங்களுக்கு மட்டும்.

மாமி விஷயத்துக்கு வர்றேன். அவங்கள நிலத்துல படுக்க சொல்லவே வேணாம், ரூம் கட்டில் அவங்களுக்குத்தான். ஆனா "மாமி நீங்க உள்ள படுங்க" அப்படின்னு பத்து மணிக்கு சொன்னா அது ஒதுக்குற மாதிரி, வீட்டுலயே வச்சு "நீங்க அந்த ரூம்ல இருந்தாத்தான் மாமி எங்களுக்கு தைரியம், பிள்ளைக்கு ஏதும்னா உங்ககிட்டதானே தூக்கிட்டு ஓடிவரணும்" அப்படின்னு இப்பவே சொல்லிருங்க. உண்மையும் அதுதான், எல்லாருக்கும் அவசரத்துக்கு அந்த ரூம்தான். பின்னேரம் நெருப்பு பக்கத்துல கையும் சாய்மானமும் உள்ள கதிரை ஒன்னு போடுங்க, முக்காலி மாதிரி கேம்பிங் கதிரையில உக்காந்தா முழங்கால் வருத்தக்காரங்களுக்கு எழும்ப ஏலாது. சீனி வருத்தம் இருக்கிறதால வெறுங்காலோட புல்லுல நடக்க விடாதீங்க, ஒரு முள்ளு குத்துனா கூட தெரியாம போயிரும். முக்கியமா சாப்பாடு நேரம் பிந்த கூடாது, கேம்பிங்ல ஏழு மணி சாப்பாடு ஒன்பதரைக்குத்தான் வரும், மருந்த போட்டுட்டு காத்திருந்தா சீனி எறங்கி மயக்கம் வரும். அவங்களுக்கு மட்டும் முன்னமே குடுத்துருங்க, கைப்பையில டொஃபியும் பிஸ்கட்டும் இருக்கட்டும்.

மச்சாள பத்தி நீங்க சொன்னத வாசிச்சு சிரிச்சேன். அவங்க சொல்றதும் பொய் இல்ல, டென்ட் அடிக்கிறது, சுருட்டுறது, குப்பைய கட்டி எடுக்கிறது எல்லாம் அவங்களுக்கு நம்மளவிட நல்லா தெரியும், அதனால டென்ட் பொறுப்பு முழுசா அவங்க குடும்பத்துக்கு. ஒன்னு மட்டும் கேட்டு வைங்க, டென்டுக்கு மேல போடுற மழைச்சீலை தரை வரைக்கும் வருதான்னு. சம்மர் டென்ட் சிலதுல பாதிக்கு மேல வலைதான், மேல சின்னதா ஒரு தொப்பி மட்டும் இருக்கும், அந்த வலை வழியா எங்க காத்து உள்ள வந்து குடும்பம் நடத்தும்.

சமையலுக்கு வருவோம், நீங்க கடைசியில எழுதியிருந்தாலும் எனக்கு இதுதான் மொத கேள்வியா பட்டுச்சு. 11 பேருக்கு சோறு கறி நெருப்புல சமைக்க கூடாது, யாருமே சமைக்க கூடாது. பகல் சாப்பாட்ட வீட்டுக்காரங்ககிட்டயே காசு குடுத்து சமைக்க சொல்லுங்க. ராத்திரிக்கு தேங்கா ரொட்டியும் கட்டசம்பலும் டின் மீனும் போதும், மாவ பகல்லயே கொழைச்சு வச்சிரலாம், வெலிமடை கிழங்கும் சோளமும் தணல்ல சுட்டா பிள்ளைங்களுக்கு அதுவே திருவிழா. காலையில பாண், முட்டை, இஞ்சி பிளேன்டி. சின்னவனுக்கு சமபோஷவும் வாழைப்பழமும். ரொட்டி தட்டுறது உங்க வீட்டுக்காரரும் அவரு தம்பியும், இத வேன் ஏறுறதுக்கு முன்னாடி பேப்பர்ல எழுதி ஃபேமிலி வாட்ஸப் க்ரூப்ல போட்டுருங்க. நான் பாத்த வரைக்கும் நெருப்பு பத்த வைக்க எல்லா ஆம்பளையும் ஓடி வருவான், சட்டி கழுவ பீலிக்கு போறது யாருன்னா ஒருத்தனையும் காணோம், அதனால கழுவுற பேரையும் சேத்து எழுதுங்க. மிச்ச சாப்பாட்ட டென்டுக்குள்ள வைக்காதீங்க, காட்டுப்பன்னி மோப்பம் புடிச்சு வரும், வேன்ல வச்சு பூட்டுங்க.

மத்ததெல்லாம் சின்ன சின்ன விஷயம். குளவி கூடு மரத்துலயோ பாறை இடுக்குலயோ இருக்கான்னு பகல்லயே பாருங்க, அதுக்கு கீழ புகை போடாதீங்க, கொழுந்து எடுக்கிற எங்க பொம்பளைங்க இதுல படுற பாடு பேப்பர்ல அடிக்கடி வருதே. காய்ஞ்ச புல்லு பக்கத்துல நெருப்பு வேணாம், படுக்க முன்னாடி தண்ணி ஊத்தி கையால தொட்டு பாத்து அணைங்க. புல்லுல விளையாடுன பிள்ளைங்கள ராத்திரி காது மடலுக்கு பின்னால, கக்கத்துல, முழங்கால் மடிப்புல உண்ணி இருக்கான்னு பாருங்க, இருந்தா தோலோட ஒட்டி புடிச்சு நேரா இழுங்க, ஊருக்கு போன பொறவு ரெண்டு கிழமைக்குள்ள காய்ச்சல் வந்தா டொக்டர்ட உண்ணி கடிச்சத மறக்காம சொல்லுங்க. அட்டைக்கு சவர்க்காரம், வயித்தால போனா கரைச்சு குடுக்க ஜீவனி பைக்கட் நாலு, பிள்ளை நிறைக்கு ஏத்த பரசிட்டமோல் பாணி, அவசரம்னா 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்ல. தியத்தலாவையில ஆதார வைத்தியசாலை இருக்கு. தேயிலை தோட்டத்துக்குள்ள நடக்க போனா கேட்டுட்டு போங்க, கொழுந்து எடுக்கிறவங்கள போட்டோ எடுக்கிறதுன்னாலும் கேட்டுட்டு எடுங்க.

மகள்கிட்ட சொல்லுங்க, மலையில கரடி இல்லன்னு. அது சூடான வறண்ட காட்டுல தான் இருக்கும், அதாவது உங்க பக்கம்தான். வேன் திருகோணமலைய விட்டு கெளம்புற வரைக்கும் பயப்பட்டா போதும்.